நாள் குறிக்காத சாவிகள்

தொலைவிலிருக்கும் கணினிக்குள் நுழையும் வழிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அதை மறையாக்கத்தின் வெற்றிக் கதையாகவே எழுதி முடித்துவிடுகிறார்கள். பாஸ்வேர்டு கம்பியில் ஒளிவுமறைவில்லாமல் ஓடிய காலம் ஒன்று இருந்தது; 1995-இல் அதை மறையாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச் வந்தது; ஒட்டுக்கேட்டவன் தோற்றான்; சுபம். இதில் பொய் எதுவும் கிடையாது, ஆனால் பாதிக் கதைதான் இருக்கிறது. கம்பியில் போவதை யார் படிக்கலாம் என்பது ஒரு கேள்வி. இன்னார் இந்தக் கணினிக்குள் வரலாம் என்று அனுமதி கொடுப்பது யார், அந்த அனுமதி எப்போது தீர்கிறது, கொடுத்த கணக்கு யாரிடம் இருக்கிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு எஸ்எஸ்எச் மிக நன்றாகப் பதில் சொன்னது. இரண்டாவதை அது தொடவே இல்லை. 1983-இல் இருந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துவந்து அதைச் சுற்றி மறையாக்கத்தைப் போர்த்தியது. பெரிய நிறுவனங்கள் இன்று சாவி நிர்வாகம் என்ற பெயரில் செலவிடும் பணமும் ஆள்பலமும் அந்தத் தொடாத பாதிக்காகத்தான்.

1983-ஐக் குறிப்பிடக் காரணம் உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் அந்த ஆண்டு வெளியிட்ட 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் ஆர்லாகின், ஆர்எஸ்எச் என்ற இரண்டு கட்டளைகள் வந்தன. அதற்கு முன்பிருந்த டெல்நெட்டில் ஒவ்வொரு முறையும் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்ட வேண்டும். பெர்க்லிக்காரர்கள் அந்த அலுப்பைத் தீர்த்தார்கள். பயனரின் சொந்த டைரக்டரியில் 'டாட் ஆர்ஹோஸ்ட்ஸ்' என்று ஒரு சின்ன ஃபைல். இந்தக் கணினியிலிருந்து இந்தப் பெயரில் வருகிறவரை எதுவும் கேட்காமல் உள்ளே விடு என்பதே அதன் ஒவ்வொரு வரிக்கும் பொருள். நிர்வாகி தயாரிக்கும் பொதுப் பட்டியல் ஒன்றும் தனியாக இருந்தது. ஆனால் பயனர் அவரைத் தேடிப் போக வேண்டியதில்லை, தன் ஃபைலில் தானே ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். பத்துக் கணினிகளும் முகம் தெரிந்த மனிதர்களும் உள்ள ஆய்வுக்கூடத்துக்கு இது பொருத்தமான ஏற்பாடுதான். வெளியுலகத்துக்குப் பொருந்தாது என்பது 1988 நவம்பர் 2 இரவில் தெரிந்தது. ராபர்ட் மாரிஸ் என்ற கார்னெல் பல்கலைக்கழக மாணவர் அவிழ்த்துவிட்ட புழு ஃபிங்கர், சென்ட்மெயில் ஆகிய நிரல்களின் ஓட்டைகளில் நுழைந்தது. 432 சொற்கள் கொண்ட பட்டியலை வைத்துப் பாஸ்வேர்டுகளை ஊகித்தது. ஒரு கணக்கு அகப்பட்டதும் அதன் ஆர்ஹோஸ்ட்ஸ் வரிகளைப் பிடித்துக்கொண்டு அடுத்த கணினிக்குத் தாவியது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1994 கிறிஸ்துமஸ் அன்று, பாதுகாப்பு வல்லுநர் சுடோமு ஷிமோமுராவின் கணினிகள் தாக்கப்பட்டன. ஹேக்கர் கெவின் மிட்னிக்கின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் தாக்குதல் அது. உள்ளே வந்தவர், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கின் ஆர்ஹோஸ்ட்ஸ் ஃபைலில் இரண்டே இரண்டு கூட்டல் குறிகளைச் சேர்த்தார். எந்தக் கணினியானாலும் சரி, எந்தப் பெயரானாலும் சரி, உள்ளே விடு என்று அதற்கு அர்த்தம்.

அதே 1983-இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வேறொரு பாதை போடப்பட்டது. எம்ஐடி நிறுவனம் டிஇசி, ஐபிஎம் ஆகியவற்றின் உதவியோடு அத்தீனா திட்டத்தைத் தொடங்கியது. வளாகம் முழுக்கக் கணினிகள்; எந்த மாணவரும் எதிலும் உட்காரலாம். உட்காருகிறவர் அந்தக் கணினியை முழுதாகத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ள முடியும் என்பதால், இன்னார்தான் பேசுகிறார் என்று அந்தக் கணினி சொல்வதை நம்ப முடியாது. பெர்க்லியின் நம்பிக்கை இங்கே செல்லாது. ரோஜர் நீதமும் மைக்கேல் ஷ்ரோடரும் 1978-இல் வெளியிட்டிருந்த ஆய்வின் மேல் கட்டப்பட்ட கெர்பரோஸ் இதற்கு விடையாக வந்தது. எல்லோருடைய அடையாளமும் ஒரே மைய சர்வரில். பயனர் காலையில் ஒருமுறை தன்னை நிரூபித்து ஒரு டிக்கெட் வாங்கிக்கொள்கிறார். பிறகு எந்தச் சேவைக்குப் போனாலும் அதைக் காட்டியே வேலை நடக்கிறது. பாஸ்வேர்டு கம்பியில் போவதே இல்லை. என்னைக் கவர்வது இதைவிடச் சின்ன ஒரு விஷயம். கெர்பரோஸின் நான்காம் பதிப்பில் டிக்கெட்டின் ஆயுளை எழுத ஒரே ஒரு பைட்தான் ஒதுக்கியிருந்தார்கள், ஐந்து நிமிட அலகுகளில். 255-ஐ ஐந்தால் பெருக்கினால் 21 மணி 15 நிமிடம். அதற்கு மேல் வாழும் டிக்கெட்டை யார் விரும்பினாலும் கொடுக்க முடியாது. வழக்கமாகக் கொடுத்தது எட்டு மணி நேரம். மாணவர் படிப்பை முடித்துப் போனால் மையத்தில் ஒரு பதிவை நீக்கினால் போதும். நீக்க மறந்து போனாலும், திருட்டுப் போன டிக்கெட் மறுநாள் தானே செத்துவிடும்.

இவ்வளவு நல்ல ஏற்பாடு ஏன் உலகை ஆளவில்லை? மைய சர்வரை யாராவது இரவும் பகலும் காக்க வேண்டும். ஒவ்வொரு சர்வரையும் அதில் பதிய வேண்டும். எல்லாக் கணினிகளின் கடிகாரங்களும் ஐந்து நிமிடத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். இரண்டு நிறுவனங்கள் ஒருவரையொருவர் உள்ளே விட வேண்டுமென்றால் இரண்டின் நிர்வாகங்களும் உட்கார்ந்து பேசி உடன்பாட்டுக்கு வர வேண்டும். இது போதாதென்று அமெரிக்க அரசு மறையாக்க நிரல்களை ஆயுதங்களோடு சேர்த்து ஏற்றுமதிக்குத் தடை போட்டிருந்தது. வெளிநாட்டுக்கு வந்தது மறையாக்கப் பகுதிகளைப் பிடுங்கி எடுத்த 'போன்ஸ்' என்ற எலும்புக்கூடு. அதற்கு ஆஸ்திரேலியாவில் எரிக் யங் மீண்டும் சதை வைத்து 'இபோன்ஸ்' என்று வெளியிட்டார். இப்படிச் சுற்றி வளைத்துப் பெற வேண்டிய ஒன்று ஊர்தோறும் பரவாது.

ஃபின்லாந்தில் அப்படிப்பட்ட தடை இல்லை. 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திரட்டியது தெரியவந்தது. அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யுலோனென் சில மாதங்களில் எஸ்எஸ்எச்சை எழுதி அந்த ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். டெல்நெட்டின் போர்ட் எண் 23, கோப்புகளை அனுப்பும் எஃப்டிபியின் போர்ட் எண் 21. நடுவே 22 காலியாக இருந்ததைப் பார்த்து அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் சுமார் 20,000 பேர் பயன்படுத்தினார்கள் என்பது கணிப்பு. பிறகு அவர் தொடங்கிய நிறுவனம் உரிம விதிகளை இறுக்கியது. அதனால் 1999-இல் ஓப்பன்பிஎஸ்டி குழுவினர், ஸ்வீடனின் பியோர்ன் குரோன்வால் பழைய இலவசப் பதிப்பிலிருந்து வளர்த்திருந்ததை எடுத்து, ஓப்பன்எஸ்எஸ்எச் என்று புதிதாக்கினார்கள். இன்று லினக்ஸ் சர்வர்களில் இருப்பது பெரும்பாலும் அதுதான். இந்த வேகத்தின் ரகசியம் மையம் இல்லாததுதான். ஒரு கணினிக்கு ஒரு நிர்வாகி மனம் வைத்தால் போதும். யாருடனும் உடன்பாடு வேண்டாம், கடிகாரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆர்எஸ்எச்சுக்குப் பழகிய கை அப்படியே எஸ்எஸ்எச்சைத் தட்டலாம். யுலோனென் வேண்டுமென்றே அப்படித்தான் அமைத்தார்.

பழைய பழக்கத்தோடு பழைய ஃபைலும் வந்தது. ஆர்ஹோஸ்ட்ஸ் இருந்த இடத்துக்கு 'ஆத்தரைஸ்டு கீஸ்' வந்து உட்கார்ந்தது: அதே பயனரின் டைரக்டரி, அதே போல ஒரு வரிக்கு ஓர் அனுமதி, அதே போலப் பயனரே எழுதிக்கொள்ளலாம். அந்த ஃபைலைத் திறந்து ஒரு வரியைக் கவனித்துப் பாருங்கள். முதலில் சாவியின் வகை. அடுத்து நான்கு 'ஏ' எழுத்துகளில் தொடங்கி நூற்றுக்கணக்கில் நீளக்கூடிய எழுத்துக் கோவை. அதுதான் பொதுச் சாவி; அதற்கு இணையான தனிச் சாவியை வைத்திருப்பவருக்குக் கதவு திறக்கும். கடைசியில் ஒரு குறிப்பு, வழக்கமாக ஒரு பெயரும் ஒரு கணினியின் பெயரும். இந்தக் குறிப்பை சர்வர் பொருட்படுத்துவதே இல்லை. அங்கே எதை எழுதினாலும் கதவு திறக்கும். வரியை யார் சேர்த்தார், எந்த வேலைக்காக, யார் சொல்லி என்று எழுத இடமே கிடையாது. எங்கிருந்து வரலாம், எந்தக் கட்டளையை மட்டும் இயக்கலாம் என்று கட்டுப்படுத்த வழி இருந்தது. காலாவதி நாளை எழுதும் வசதி மட்டும் ஓப்பன்எஸ்எஸ்எச்சின் 7.7 பதிப்பில்தான் வந்தது. அது 2018 ஏப்ரல். கெர்பரோஸ் 1980-களில் ஒரு பைட்டில் எழுதி வைத்த விஷயத்துக்கு எஸ்எஸ்எச் உலகம் இருபத்து மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

பத்து சர்வர் இருக்கும் இடத்தில் இது பெரிய குறையாகத் தெரியாது. வங்கியில் தெரியும். இரவு நேரக் கோப்புப் பரிமாற்றம், பேக்கப், ஒரு மென்பொருள் மற்றொன்றுக்குத் தகவல் தள்ளுவது என்று மனிதர் கைபடாத வேலைகள் எல்லாவற்றுக்கும் எஸ்எஸ்எச் சாவிதான். ஒவ்வொரு திட்டத்துக்கும் புதிய வரிகள் சேரும். திட்டம் முடிந்தாலும் ஆள் வேலையை விட்டுப் போனாலும் வரி நிற்கும். அழித்தால் எது நின்றுபோகும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் யாரும் அழிக்கத் துணிவதில்லை. யுலோனெனின் நிறுவனம் பெயர் சொல்லாமல் வெளியிட்ட ஒரு பெரிய வங்கியின் கணக்கு: 500 மென்பொருள் பயன்பாடுகள், 15,000 சர்வர்கள், 30 லட்சம் சாவிகள். அவற்றில் 90 சதவீதம் புழக்கத்திலேயே இல்லை. ஆனாலும் கதவைத் திறக்கும். சாவி நிர்வாக மென்பொருள் விற்கும் நிறுவனம் சொல்லும் எண் என்பதை மனத்தில் வைத்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ஆனால் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2015 அக்டோபரில் இதற்கென்றே ஒரு தனி அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. அதன் ஆசிரியர்களில் யுலோனெனும் ஒருவர். தான் திறந்துவிட்டதைக் கணக்கெடுக்கும் வழியை இருபது ஆண்டுகள் கழித்துத் தானே எழுதிக் கொடுத்த மனிதர் என்ற வகையில் அவர்மீது எனக்கு மரியாதை உண்டு.

குறை வடிவமைப்பில் இல்லை, சோம்பேறி நிர்வாகிகளிடம்தான் என்று அனுபவசாலிகள் பலர் வாதிடுகிறார்கள். பட்டியலை ஒழுங்காக வைத்துக்கொண்டு, ஆள் போனதும் வரியை நீக்கினால் தொல்லை ஏது? 2008 மே 13 இதற்குப் பதில். டெபியன் லினக்ஸில் 2006-இல் நடந்த ஒரு திருத்தத்தால், சாவி உருவாக்கும் நிரலின் தற்செயல் எண்கள் ஏறத்தாழ முழுதாகச் செத்துப்போயிருந்தன என்று அன்று அறிவிக்கப்பட்டது. ஒரு வகையிலும் ஒரு நீளத்திலும் அந்த நிரலால் 32,767 வெவ்வேறு சாவிகளை மட்டுமே உருவாக்க முடிந்திருந்தது. அத்தனையையும் முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். இங்கே எந்த நிர்வாகியும் சோம்பேறித்தனம் செய்யவில்லை. தன் சர்வரில் டெபியனே இல்லாதவர்கூடத் தப்ப முடியவில்லை, ஏனென்றால் யாரோ ஒரு பயனர் தன் வீட்டு டெபியனில் உண்டாக்கிய சாவியை அந்த சர்வரின் ஃபைலில் சேர்த்திருக்கலாம். நிறுவனங்கள் ஒவ்வொரு சர்வரிலும் ஒவ்வொரு பயனரின் டைரக்டரியையும் தோண்ட வேண்டியதாயிற்று. 2012 மார்ச்சில் கிட்ஹப் தளத்தில், பிறர் கணக்கில் தன் சாவியைச் சேர்த்துவிட முடிந்த ஓட்டை ஒன்று வெளிப்பட்டபோதும் இதே நிலைமை. பயனர்கள் எல்லோரையும் அவரவர் சாவிகளைப் பார்த்து உறுதிசெய்யச் சொல்ல வேண்டிவந்தது. கவனமான மனிதர்கள் இருந்தாலும், எழுத இடமில்லாத தகவலை அவர்கள் எங்கிருந்து எடுப்பார்கள்?

மையத்தைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி தட்டுத்தடுமாறித்தான் நடந்தது. முதலில் பப்பெட் போன்ற கருவிகளால் ஃபைல்களை மையத்திலிருந்து எல்லா சர்வருக்கும் தள்ளினார்கள். பிறகு, ஓப்பன்எஸ்எஸ்எச்சின் 2013-ஆம் ஆண்டு 6.2 பதிப்பிலிருந்து, நுழையும் நேரத்தில் சர்வரே மையத்தைக் கேட்டு அனுமதிக்கப்பட்ட சாவிகளை வாங்கிக்கொள்ள வழி வந்தது. இரண்டிலும் கணக்கு ஒரே இடத்துக்கு வந்துவிட்டது என்பது நல்லது. இரண்டாவதில் மையம் படுத்தால் கதவும் படுத்துவிடும் என்பது கெட்டது. உண்மையான திருப்பம் அதற்கு முன்பே, 2010 மார்ச்சில் வந்த 5.4 பதிப்பில் சத்தமில்லாமல் நடந்திருந்தது. ஓப்பன்எஸ்எஸ்எச் தனக்கென ஒரு சான்றிதழ் முறையை உருவாக்கிக்கொண்டது. இணையத் தளங்கள் பயன்படுத்தும் சிக்கலான எக்ஸ்.509 வடிவத்தை வேண்டாமென்று ஒதுக்கியது. பஸ் பாஸை நினைத்துக்கொள்ளலாம். கண்டக்டர் தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டுக் கேட்பதில்லை. முத்திரையையும் தேதியையும் பார்க்கிறார், விடுகிறார். அதேபோல் சர்வரில் சான்றளிக்கும் மையத்தின் பொதுச் சாவி ஒன்றே ஒன்று இருந்தால் போதும். பயனர் காட்டும் சான்றிதழில் தொடர் எண், யாருடையது, எந்தக் கணக்குகளில் நுழையலாம், எந்த நிமிடம் முதல் எந்த நிமிடம் வரை என்று எல்லாம் எழுதியிருக்கும். ஆத்தரைஸ்டு கீஸ் வரியில் இல்லாமல் போனவை எவையோ அவை அத்தனையும் இதில் உண்டு. ஃபேஸ்புக் 2016-இல் தன் ஏற்பாட்டை வெளிப்படையாக விவரித்தபோது முன்வைத்த காரணமும் இதுதான்: நுழையும் நேரத்தில் மையம் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட 'பிளெஸ்' என்ற கருவி, கொஞ்ச நேரமே வாழும் சான்றிதழ்களைக் கேட்டவுடன் அச்சடித்துக் கொடுத்தது. கெர்பரோஸின் டிக்கெட் வேறு உடையில் திரும்பியிருக்கிறது. இம்முறை கதவருகே காவலாளி நிற்க வேண்டிய கட்டாயம் மட்டும் போய்விட்டது.

எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைக்கலாமா என்ற கேள்வி வலுவானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2011 மார்ச்சில் ஆர்எஸ்ஏ நிறுவனம் ஊடுருவப்பட்டது; பல நாட்டு அலுவலகங்களில் லாகினுக்குப் பயன்பட்ட செக்யூர்ஐடி டோக்கன்களை மாற்றித் தர முன்வர வேண்டிய நிலை அதற்கு வந்தது. அதே ஆண்டு நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனத்துக்குள் நுழைந்தவர்கள் போலிச் சான்றிதழ்களை அச்சடித்தார்கள். செப்டம்பரில் அது திவாலானது. எஸ்எஸ்எச் மையத்தின் தனிச் சாவி திருடப்பட்டாலும் இதுவே நடக்கும். ஆனால் ஒப்பிட வேண்டிய மறுபக்கத்தையும் பாருங்கள். டிஜிநோட்டார் கெட்டது தெரிந்ததும் உலாவிகள் அந்த ஒரு பெயரை நீக்கின. வேலை நாட்கணக்கில் முடிந்தது. டெபியன் சாவிகள் எங்கெங்கே கிடந்தன என்று யாராலும் முழுதாகச் சொல்ல முடிந்ததே இல்லை. கூடை ஒன்றுதான் என்றால் அதைப் பெட்டகத்தில் வைக்கலாம், வன்பொருளில் பூட்டலாம், கெட்டால் மாற்றலாம். முப்பது லட்சம் கூடைகளை என்ன செய்வது?

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று இருக்கிறது. நிஜமான பெரிய ஊடுருவல்களில் திருடன் பயன்படுத்தியது மறந்துபோன பழைய சாவிகளையா, அன்றாடம் புழங்கும் சாவிகளையா? 2004-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களையும் சூப்பர்கம்ப்யூட்டர் மையங்களையும் தொடர்ச்சியாகக் கலங்கடித்த தாக்குதல்களில், எஸ்எஸ்எச் நிரலையே கெடுத்து வைத்து, பயனர்கள் தட்டத் தட்டப் பாஸ்வேர்டுகளைத் திரட்டினார்கள். 2020 மே மாதம் எடின்பரோவின் ஆர்ச்சர் சூப்பர்கம்ப்யூட்டரும் ஜெர்மனியின் பல மையங்களும் அடுத்தடுத்து மூடப்பட்டபோதும் வழி திருடப்பட்ட எஸ்எஸ்எச் லாகின்கள்தான். ஆர்ச்சரின் பயனர்கள் அனைவரும் பாஸ்வேர்டையும் சாவியையும் புதிதாக்க வேண்டிவந்தது. எட்டு மணி நேரச் சான்றிதழ் இருந்திருந்தாலும் அந்த எட்டு மணி நேரத்துக்குள் திருடன் புகுந்திருப்பான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சான்றளிக்கும் மையம் திருட்டைத் தடுக்காது. ஒரு சூப்பர்கம்ப்யூட்டரில் எடுத்த சாவி மாதங்கள் கழித்து வேறொரு நாட்டு சூப்பர்கம்ப்யூட்டரைத் திறப்பதைத் தடுக்கும். மூடிவிட்டு எல்லோருக்கும் புதுச் சாவி கொடுக்கும் கடைசி வைத்தியத்தைத் தேவையில்லாமல் ஆக்கும். இந்த இரண்டு சம்பவங்களுக்கும் இடையே பதினாறு ஆண்டுகள் போயும் பரவிய விதம் மாறவில்லை என்பதே என் வாதத்துக்குப் போதுமான ஆதாரம்.

தீராத இடம் ஒன்றும் இருக்கிறது. மனிதர் என்றால் காலையில் வந்து தன்னை நிரூபித்து அன்றைய சான்றிதழை வாங்கிக்கொள்வார். நள்ளிரவு இரண்டு மணிக்குக் கோப்பு அனுப்பும் நிரல் எதைக் காட்டித் தன்னை நிரூபிக்கும்? அதற்கு இன்னொரு ரகசியம் வேண்டும். அந்த ரகசியத்தை எங்கே வைப்பது, எப்போது மாற்றுவது என்று பழைய கேள்வியே வேறு வாசலில் வந்து நிற்கும். மேகக் கணினி நிறுவனங்கள் இதில் தப்பித்துக்கொண்டன, ஏனென்றால் கணினியே அவர்களுடையது, அது யார் என்று அவர்களுக்கே தெரியும். அமேசான் 2019-இல் கொண்டுவந்த வழியில் பயனரின் பொதுச் சாவி சர்வரில் 60 விநாடிதான் செல்லும். தன் சொந்தக் கட்டடத்தில் இருபது ஆண்டுப் பழைய சர்வர்களை ஓட்டும் வங்கிக்கு அந்த வசதி கிடையாது. முப்பது லட்சம் சாவிகள் சேர்வது அப்படிப்பட்ட இடங்களில்தான்.

ஓப்பன்எஸ்எஸ்எச்சை இன்று புதிதாக நிறுவினால் சான்றளிக்கும் மையத்தின் சாவிக்கான இடம் காலியாகவே வரும். பயனர் தானே எழுதிக்கொள்ளும் ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைல் இயங்கும் நிலையிலேயே வரும். முதலாவதை நிரப்பவும் இரண்டாவதை அணைக்கவும் சர்வரின் அமைப்பு ஃபைலில் இரண்டு வரிகள் போதும். அவற்றை நிர்வாகிதான் எழுத வேண்டும்.